மலைக்கு அந்தப் பக்கம் என்ன வானிலை? சிறு விமானம் பழக வருவோருக்கு

இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறுக்குப் பக்கத்தில் சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி.க்காக ஒரு ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். நீளம் 650 மீட்டர். 2022 டிசம்பர் 1 அன்று வைரஸ் எஸ்.டபிள்யூ-80 என்ற குட்டி விமானம் முதன்முறையாக அங்கே இறங்கியது. அதற்கு முன்னால் இறங்கப் பார்த்து, ஓடுபாதை முனையில் இருந்த மேட்டால் முடியாமல் திரும்பிப் போயிருக்கிறது. அதே வருடம் பருவமழையில் ஓடுபாதையின் ஓரம் இடிந்து சரிந்ததும் நடந்தது. அன்றிலிருந்து குமுளி, பீர்மேடு, வண்டிப்பெரியாறு எஸ்டேட் பக்கத்துப் பிள்ளைகள் "பிளேன் ஓட்டணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்பது கூடியிருக்கிறது. லைசென்ஸ், ஃபீஸ், மெடிக்கல் பற்றிச் சொல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரே விஷயம்தான்: மோசமான வானிலைக்குள் தெரிந்தோ தெரியாமலோ நுழைந்து மலையில் மோதாமல் இருப்பது எப்படி.

எஞ்சின் நின்றுபோய் விழும் சிறு விமானங்களில் பலர் பிழைத்துவிடுகிறார்கள். வயலோ ரோடோ கண்ணுக்குத் தெரியும், வேகத்தைக் குறைத்து இறங்கப் பார்க்கலாம். மேகத்துக்குள் புகுந்து விழும் விமானம் அப்படியில்லை. முழு வேகத்தில், எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு சரிவில் போய் அடிக்கிறது. அதில் உயிரோடு வருகிறவர்கள் மிகக் குறைவு.

முதலில், ஏன் சாகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

புதிதாகப் பழகுகிறவர்கள் பறப்பது வி.எஃப்.ஆர். முறையில். கண்ணால் தரையையும் அடிவானத்தையும் பார்த்து ஓட்டுவது. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவது ஐ.எஃப்.ஆர்.; அதற்குத் தனிப் பயிற்சி, தனி ரேட்டிங், அதாவது லைசென்ஸில் சேரும் தகுதிச் சான்று. முதல் வகை விமானி இரண்டாவது வகை வானிலைக்குள் போய்விடுவதுதான் நம் பிரச்சினை.

போனால் என்ன ஆகும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். சுழலும் நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்துக் கண்ணைக் கட்டுங்கள். எந்தப் பக்கம் சுற்றுவதாகத் தோன்றுகிறதோ அந்தப் பக்கம் கட்டை விரலைக் காட்டச் சொல்லுங்கள். மெதுவாக, ஒரே வேகத்தில் வலப்பக்கம் சுற்றுங்கள். முதலில் விரல் சரியாக வலப்பக்கம் காட்டும். ஏறத்தாழ இருபது விநாடி கழிந்ததும் விரல் நேராகிவிடும். நாற்காலி நின்றுவிட்டது என்று சத்தியம் செய்வார். இப்போது நிஜமாகவே நிறுத்துங்கள். விரல் இடப்பக்கம் போகும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள், அவருக்கு மட்டும் ஏன் என்று புரியாது.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். சொம்பைத் தண்ணீரோடு சுற்றினால் முதலில் சொம்பு மட்டும் சுற்றும், கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் சேர்ந்து சுற்றும், சொம்பை நிறுத்தினாலும் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். காதுக்குள் நடப்பதும் அதுதான். கண் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும்வரை மூளை இதைத் திருத்திக்கொள்கிறது. வெளியே வெள்ளையாகிவிட்டால் திருத்த ஆளில்லை.

காக்பிட்டில் இது இப்படி வரும். மேகத்துக்குள் ஒரு இறக்கை மெதுவாகச் சாய்கிறது. மெதுவாகச் சாய்வதால் காதுக்குத் தெரியவில்லை. சாய்ந்த விமானம் திரும்பத் தொடங்குகிறது, மூக்கு இறங்குகிறது, வேகம் கூடுகிறது. உயரம் குறைவதைப் பார்த்த விமானி, நேராக இருக்கிறோம் என்ற நினைப்பில் ஸ்டிக்கை இழுக்கிறார். சாய்ந்த நிலையில் இழுத்தால் மூக்கு ஏறாது, திருப்பம் இன்னும் இறுகும், இறக்கம் இன்னும் கூடும். இறக்கையை நேராக்கினாலோ எதிர்ப்பக்கம் சாய்வதாக உடம்பு அடித்துச் சொல்லும். மறுபடி பழைய சாய்வுக்கே கொண்டுபோவார்.

1954-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். வெளியே பார்க்க முடியாதபடி மறைத்து ஓட்டச் சொன்னார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி, அதாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. பலர் இந்த எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். சோதனையின் மறுபாதிதான் எனக்கு முக்கியம்: அதே ஆட்களுக்கு மேகத்திலிருந்து திரும்பி வெளியே வரும் முறையைச் சில மணி நேரம் கற்றுக்கொடுத்த பிறகு ஏறத்தாழ எல்லோரும் தப்பினார்கள். அந்த முறை கீழே வருகிறது.

அனுபவம் இருந்தால் காது ஏமாறாது என்று நினைக்க வேண்டாம். 2020 ஜனவரி 26-இல் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்த ஹெலிகாப்டரை ஓட்டியவர் கருவி ரேட்டிங் உள்ளவர். மேகத்துக்குள் நுழைந்த பிறகு, 4000 அடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று கட்டுப்பாட்டு அறையிடம் சொன்னார். அந்த நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பியபடி இறங்கிக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில், 2021 டிசம்பர் 8-இல் சூலூரிலிருந்து வெலிங்டன் கிளம்பி குன்னூர் அருகே விழுந்த எம்.ஐ-17 வி5 சிறிய ஹெலிகாப்டர் இல்லை, ஓட்டியவர்கள் விமானப்படை விமானிகள். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்துக்குள் நுழைந்ததும், விமானிக்குத் திசையும் நிலையும் தெரியாமல் போய் மலையில் மோதியது என்று விமானப்படையின் விசாரணை சொன்னது.

ஆந்திரா பக்கத்து ஆட்களுக்கு 2009 செப்டம்பர் 2 நினைவிருக்கும். முதலமைச்சர் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி ஹைதராபாத்திலிருந்து சித்தூர் மாவட்டத்துக்குக் கிளம்பிய பெல் 430 ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் விழுந்து, இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். சிதைவு மறுநாள்தான் கிடைத்தது. கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்தம் பற்றிய ஒரு எச்சரிக்கைக்கு விமானிகள் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இடிமேகத்தின் கீழ்நோக்கிய காற்றில் ஹெலிகாப்டர் சிக்கியது என்றது விசாரணை. வெளியே மழைமேகம் இருக்கும்போது உள்ளே தலையைக் குனியக் கூடாது. ஏதாவது விளக்கு எரிந்தால் முதலில் நல்ல வானத்தின் பக்கம் திரும்புங்கள், அப்புறம் கையேட்டைத் திறக்கலாம்.

கிளம்புவதற்கு முன்: கணக்கு

ஒரு பயிற்சிக் கணக்காக, மதுரையிலிருந்து மேற்கே குமுளி வரை போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 80 நாட் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு இரண்டரை கிலோமீட்டர் போகும் விமானத்துக்கு முக்கால் மணி நேரம்.

முதலில் மதுரை விமான நிலையத்தின் மெட்டார் அறிக்கையை, அதாவது அங்கே அப்போது உள்ள வானிலையைச் சொல்லும் சிறு அறிக்கையை, எடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை வரும். இந்திய வானிலைத் துறையின் விமானப் போக்குவரத்துப் பக்கத்தில் எல்லாம் கிடைக்கிறது. அதில் புதியவர்கள் கவனிக்காமல் விடும் இரண்டு எண்கள் வெப்பநிலையும் பனிப்புள்ளியும் (காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதில் உள்ள ஈரம் துளியாகத் தொடங்குமோ, அது). இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 400-ஆல் பெருக்கினால், சூடாகி மேலே எழும் காற்றில் மேகத்தின் அடிப்பகுதி எத்தனை அடியில் உருவாகும் என்று தோராயமாகத் தெரியும். வெப்பநிலை 28, பனிப்புள்ளி 22 என்றால் வித்தியாசம் 6. மேகம் தரையிலிருந்து 2400 அடி. மதுரையில் நிற்பவருக்கு இது நல்ல உயரம், வானம் திறந்து கிடக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் மதுரை நிலையம் இருப்பது கடல்மட்டத்துக்கு 460 அடி மேலே. இரண்டையும் கூட்டினால் 2860 அடி. குமுளி ஊரே இருப்பது ஏறத்தாழ 2900 அடியில். மதுரையின் "நல்ல வானிலை" குமுளியில் பஸ் ஸ்டாண்டுக்குள் நிற்கும் மூடுபனி. சுற்றியுள்ள மேடுகள் இன்னும் உயரம்.

மெட்டாரில் மேகத்தின் உயரம் அந்த நிலையத்தின் தரையிலிருந்து சொல்லப்படுகிறது. உங்கள் ஆல்டிமீட்டர் (உயரம் காட்டும் கருவி) காட்டுவது கடல்மட்டத்திலிருந்து. இதைக் கூட்டிப் பார்க்காமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம், என்னைக் கேட்டால் பரீட்சைக்கு இதிலிருந்து மட்டுமே கேள்வி கேட்கலாம்.

அந்தக் கணக்கும் போதாது, ஏனென்றால் குமுளிக்கு மேகம் மதுரையிலிருந்து போவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அது கேரளக் கடலிலிருந்து ஏறி வருகிறது. ஆகவே கொச்சியின் மெட்டாரையும் திருவனந்தபுரத்தின் மெட்டாரையும் எடுங்கள். வானத்தில் எட்டில் ஒன்றிரண்டு பங்கு மேகம் என்றால் மெட்டாரில் அதற்குப் பெயர் ஃபியூ, மூன்று நான்கு என்றால் ஸ்காட்டர்ட், ஐந்து முதல் ஏழு புரோக்கன், எட்டும் மூடியிருந்தால் ஓவர்காஸ்ட். கொச்சியில் 2000 அடியில் புரோக்கன் என்று இருந்தால் மலையை மறந்துவிடுங்கள். கடல்மட்டத்திலேயே 2000 அடியில் மூடிய மேகம் மலைமேல் என்ன செய்யும் என்று யோசிக்கவே தேவையில்லை.

அப்புறம் செயற்கைக்கோள் படம், ரேடார் படம். ரேடார் காட்டுவது மழைத் துளியை. துளி விழாத தாழ்ந்த மேகத்தை அது காட்டாது, மலைக்குப் பின்னால் தாழ்வாக இருப்பதையும் காட்டாது. ரேடார் படத்தில் பச்சை மஞ்சள் எதுவும் இல்லை என்பதால் வழி திறந்திருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். செல்போனில் பார்க்கும் படம் எடுத்த நேரத்தையும் பாருங்கள். பழைய படமாக இருக்கும்.

கிளம்புவதற்கு முன்: ஒரு போன்

மலையடிவாரத்தில் ஒருவர், உச்சியில் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று மூன்று பேருடைய எண்ணாவது கையில் இருக்க வேண்டும். தேனி மாவட்டக் கூடலூரிலோ லோயர் கேம்பிலோ ஒருவர், குமுளியில் ஒருவர், வண்டிப்பெரியாறில் ஒருவர். டீக்கடைக்காரர், எஸ்டேட் சூப்பர்வைசர், ஜீப் டிரைவர் யாராக இருந்தாலும் சரி. கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது.

"அண்ணே, அங்க கிளைமேட் எப்படி?" என்று கேட்டால் "நல்லாருக்கு தம்பி, மழையே இல்ல" என்பார். தரையில் நடப்பவருக்கு மழை இல்லை என்றால் நல்ல வானிலைதான். உங்களுக்கு வேண்டியது அது இல்லை. இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, கடை வாசல்ல நின்னா எதிர்ல தெரியுமே மலை, அதோட உச்சி தெரியுதா? டவரோட சிவப்பு விளக்குத் தெரியுதா? ரோட்டுல வண்டிக்காரங்க லைட்டுப் போட்டு வர்றாங்களா?" உச்சி தெரியவில்லை, பாதி மலைதான் தெரிகிறது என்றால் மேகத்தின் அடிப்பகுதி எங்கே இருக்கிறது என்று அவரே அளந்து சொல்லிவிட்டார். பகலில் வண்டிகள் விளக்குப் போட்டு வந்தால் பார்வைத் தூரம் போய்விட்டது. கால் மணி நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். முதல் பதிலைவிட இரண்டு பதில்களுக்கும் இடையில் உள்ள மாற்றம் முக்கியம். உச்சி மறைந்து மறைந்து தெரிகிறது என்றால், நீங்கள் போய்ச் சேரும் முக்கால் மணி நேரத்தில் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு எச்சரிக்கை: நீங்கள் வரப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேட்காதீர்கள். பிரியமுள்ள மனிதர் என்றால் "வாங்க தம்பி, சரியாயிடும்" என்றுதான் சொல்வார்.

பருவமும் நேரமும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை புதியவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டவே வேண்டாம். இதில் விவாதத்துக்கு இடமில்லை. மார்ச் கடைசி முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரிலும் காலை நன்றாக இருக்கும், மதியத்துக்கு மேல் இடிமேகம் கட்டும். காலை பதினொரு மணிக்குள் இறங்கி, விமானத்தைக் கட்டிப் போட்டிருக்க வேண்டும். இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 கடல்மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளி இருங்கள். அதன் அடியில் வெளிச்சம் தெரிகிறது என்று புகுந்து போகப் பார்க்காதீர்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நமக்கான காலம், அதிலும் விடியற்காலைப் பள்ளத்தாக்கு மூடுபனி கலைந்த பிறகு.

கேரளத்தின் பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா ஆட்கள் "எங்களுக்குக் கணவாய் இருக்கு, மலை ஏற வேண்டியதில்லை" என்பார்கள். கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலம், தரையும் தாழ்வு, உண்மைதான். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே வரும் வாசலும் அதுதான். மேகம் தாழ்ந்தால் வாளையாறு பக்கம் கூரை போட்ட மாதிரி ஆகிவிடும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள், மின்கோபுரங்கள், கம்பிகள். தாழ்ந்த மேகத்துக்குக் கீழே குனிந்து போவது என்ற பழக்கமே இங்கிருந்துதான் தொடங்கும். ஆந்திராவின் குப்பம், சித்தூர், திருப்பதிப் பக்கம் பருவமழைக்கால மேகத்தைவிட நவம்பர் வங்கக்கடல் புயல்களும் குளிர்காலக் காலை மூடுபனியும்தான் பெரிய தொல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் நுழைந்த பிறகு

கம்பம் மழை மறைவுப் பகுதி. வெயில் அடிக்கும், திராட்சைத் தோட்டம் பளிச்சென்று தெரியும், மலைமேல் மட்டும் வெள்ளையாக ஒரு கரை. இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். வெயிலில் பறப்பவருக்கு அந்தக் கரை மெல்லியதாகத் தெரியும், தாண்டினால் அந்தப் பக்கமும் வெயில் இருக்கும் என்று மனது சொல்லும். அது பெரும்பாலும் கேரளம் முழுக்கப் பரந்து கிடக்கும் மேகத்தின் கிழக்கு ஓரம்.

பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காதீர்கள். 80 நாட் வேகத்தில் 30 பாகை சாய்த்துத் திரும்பினால் ஏறத்தாழ 600 மீட்டர் அகலம் வேண்டும். நடுவில் இருந்தால் பாதி அகலம்தான் கிடைக்கும். காற்று அடித்துச் சேரும் சரிவோரமாக, சரிவிலிருந்து பாதுகாப்பான தூரம் விட்டுப் பறந்தால் முழு அகலமும் கையில் இருக்கும், சரிவில் ஏறும் காற்றும் தூக்கிக் கொடுக்கும், திரும்பும்போது எதிர்காற்று வட்டத்தைச் சுருக்கும்.

மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது ராமக்கல்மேடு பக்கத்து முகட்டில் காற்றாலைகள் வேகமாகச் சுற்றினால், முகட்டின் கம்பம் பக்கச் சரிவில் காற்று கீழே கொட்டுகிறது என்று பொருள். நிமிடத்துக்கு 500, 600 அடி ஏறும் விமானத்தை அந்தக் காற்று அதைவிட வேகமாக இறக்கிவிடும். முகட்டை எட்டும் முன்பே, நல்ல தூரத்திலேயே, முகட்டுக்கு மேல் 2000 அடி உயரம் எடுத்துவிட வேண்டும். முகட்டை நேராக அல்லாமல் 45 பாகைச் சாய்வில் நெருங்குங்கள். வேண்டாம் என்றால் கொஞ்சம் திரும்பினாலே விலகிவிடலாம். 2000 அடி எடுக்க முடியாதபடி மேகம் இடிக்கிறது என்றால் பயணம் அங்கேயே முடிந்தது.

பார்வைத் தூரத்தை அளக்கத் தரையில் குறி வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்துக்கு மேலே இருக்கும்போது கூடலூர் தெளிவாகத் தெரிய வேண்டும். கூடலூருக்கு மேலே இருக்கும்போது, லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்கள் தெரிய வேண்டும். வி.எஃப்.ஆர். விதிப்படி பார்வைத் தூரம் 5 கிலோமீட்டர், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1500 மீட்டர், மேலும் கீழும் 1000 அடி. உங்கள் வேகத்தில் 5 கிலோமீட்டர் என்பது இரண்டே நிமிடம். 1500 மீட்டர் என்பது 36 விநாடி. பழகும் காலத்தில் இந்த எண்களை இரட்டிப்பாக்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பின்னாலும் திரும்பிப் பாருங்கள். முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாவதையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் கதவு சாத்திவிடும். கம்பம் பக்கத்திலிருந்து மேற்கே போகும்போது ஒரு வசதி இருக்கிறது: திரும்பினால் தரை இறங்கிக்கொண்டே போகும், வெயிலும் அங்கேதான். சத்திரத்திலிருந்தோ பீர்மேட்டிலிருந்தோ கிழக்கே வருபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் திரும்பினால் உயர்ந்த தரைக்கும் கேரள மேகத்துக்கும்தான் திரும்புகிறார். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து கிளம்புபவர் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எந்த இடத்தில் திரும்புவது

இதைக் காற்றில் முடிவு செய்யக் கூடாது. தரையிலேயே காகிதத்தில் எழுதி, தொடையில் கட்டும் பலகையில் செருகி வைத்துக்கொள்ளுங்கள். நான் பிள்ளைகளை எழுதச் சொல்வது: வானிலைக்காக முதல்முறையாக உயரத்தைக் குறைக்கத் தோன்றினால் திரும்பு. வானிலைக்காக வேகத்தைக் குறைக்கத் தோன்றினால் திரும்பு. "இன்னும் கொஞ்ச தூரம் பார்க்கலாம்" என்று வாய் சொன்னால் திரும்பு. மூன்றாவதைப் படித்துச் சிரிப்பார்கள். ஆனால் விபத்து அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஆள் போயிருப்பார்.

திரும்ப விடாமல் தடுப்பது வானிலை மட்டுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமா, அங்கே காத்திருக்கும் கல்யாண வீடு, ஏற்பாடு செய்த கார். ஆட்களை ஏற்றும் முன்பே சொல்லிவிடுங்கள்: "மாமா, பாதியில திரும்பிடலாம், மதுரையிலேயே இறங்கும்படி ஆகலாம்." முன்கூட்டியே சொன்ன பிறகு திரும்புவது அவமானமாகத் தெரியாது.

இன்னொரு தடை, ஹாங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) வாசலில் கேட்கும் வீரக் கதைகள். "நான் இதைவிட மோசமான மேகத்துல எத்தனை தடவை போயிருக்கேன்" என்பவர் கட்டாயம் ஒருவர் இருப்பார். இதற்கு ஆபிரகாம் வால்டு என்ற புள்ளியியல் அறிஞரைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரில், திரும்பி வந்த விமானங்களில் இருந்த குண்டுத் துளைகளை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, திரும்பாத விமானங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். ஹாங்கரில் கதை சொல்பவர் திரும்பி வந்த விமானம். அதே வால்டு இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது, 1950 டிசம்பர் 13-இல் கோத்தகிரிப் பக்கம் நீலகிரி மலையில் மோதிய ஏர் இந்தியா டகோட்டாவில் மனைவியோடு இறந்தார்.

மேகத்துக்குள் போயே விட்டால்

இதை இன்ஸ்ட்ரக்டரோடு, நல்ல வானத்தில், வெளியே தெரியாதபடி மறைப்புப் போட்டுப் பழகியிருக்க வேண்டும். படித்தது மட்டும் அந்த நேரத்தில் கைக்கு வராது.

கண்ணை ஜன்னலிலிருந்து எடுத்துச் செயற்கை அடிவானக் கருவியில் வையுங்கள். இறக்கைகளை நேராக்குங்கள். ஸ்டிக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். விரல் நுனியால் பிடியுங்கள். உடம்பு சாய்கிறது என்று சொன்னாலும் கேட்காதீர்கள். ஆட்டோபைலட் இருந்தால் உடனே போடுங்கள், அதில் வெட்கமில்லை.

திசையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். 270-இல் போய்க்கொண்டிருந்தால் திரும்ப வேண்டியது 090. விநாடிக்கு மூன்று பாகை வீதம், ஏறத்தாழ 13 பாகைச் சாய்வில் திரும்புங்கள். சரியாக ஒரு நிமிடம். இப்படித் திரும்ப ஏறத்தாழ 1600 மீட்டர் அகலம் வேண்டும். வெளிச்சத்தில் 600 மீட்டரில் முடித்திருக்கலாம். மேகத்துக்குள் 30 பாகை சாய்க்கத் துணியாதீர்கள், முதலில் சொன்ன சுழலில் கொண்டுபோய் விடும். இரண்டு பக்கமும் மலை இருப்பதாகத் தெரிந்தால் நேராக, இறக்கை சாயாமல், முழு சக்தியில் ஏறிவிட்டு அப்புறம் திரும்புங்கள். கீழே இறங்கித் தரையைத் தேடுவது மட்டும் கூடாது.

விமானம் நிதானமான பிறகுதான் ரேடியோ. "வி.எஃப்.ஆர். விமானம், மேகத்துக்குள் இருக்கிறேன்" என்று கூசாமல் சொல்லுங்கள். பேசிக்கொண்டிருந்த அலைவரிசையில் பதில் இல்லை என்றால் அவசர அலைவரிசை 121.5; ரேடாருக்கு உங்களை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடு 7700. பள்ளத்தாக்குக்குள் தாழ்வாக இருந்தால் மலை மறைத்துவிடும், ரேடியோ எட்டாது, ஏறினால் எட்டும்.

கார்புரேட்டர் உள்ள எஞ்சின் என்றால் சூடேற்றியைப் போடுங்கள். ஈரமான மேகத்தில் 20 பாகை வெப்பத்திலும் உள்ளே பனி கட்டும், நம் ஊரில் எங்கே பனி என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் மைக்ரோலைட்டில், அதாவது எடை குறைந்த குட்டி விமானத்தில், செயற்கை அடிவானக் கருவியே இல்லை என்றால், பலவற்றில் இருக்காது, மேலே சொன்ன எதையும் செய்ய முடியாது. அந்த விமானத்துக்கு ஒரே வழி, மேகத்துக்கு வெளியிலேயே திரும்பிவிடுவது. மேப் காட்டும் ஜி.பி.எஸ். திரையை வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது எங்கே இருக்கிறீர்கள் என்று காட்டும், இறக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டாது.

திரும்பி வந்த பிறகு

கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, கிளம்பும்போது கொடுத்த ஃபிளைட் பிளானை முடித்துவையுங்கள். இல்லையென்றால் உங்களைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். குமுளி அண்ணனுக்கும் ஒரு போன் போட்டு, இப்போது உச்சி தெரிகிறதா என்று கேளுங்கள். எந்த நேரத்தில் எந்த இடத்தில் திரும்பினீர்கள், அப்போது மேகம் எங்கே இருந்தது, அவர் என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதி வைத்தால், ஒரு பருவம் முடிவதற்குள் அந்த மலையின் குணம் பிடிபடும். விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். அவசரமாகப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கு பஸ் இருக்கிறது. டிக்கெட்டுக்கான காசைக் கிளம்பும்போதே சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.